பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையை யார், எப்படி இறக்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டுக்கோட்டையில் சிமெண்ட், கம்பி, கூரை ஷீட் விற்கும் கடை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய கடை. பழுதான பள்ளிக் கட்டிடங்களை இடித்துப் புதிதாகக் கட்டுவது பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. எத்தனை வகுப்பறை, எத்தனை கோடி, யார் அடிக்கல் நாட்டினார் என்பதெல்லாம் இருக்கும். இறக்கிய பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை எங்கே போனது என்று எந்தச் செய்தியிலும் ஒரு வரி இருக்காது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஷீட் விற்கிறவனே ஷீட்டைப் பற்றி எழுதுகிறானே என்று யாராவது கேட்பார்கள். விற்பதால்தான் எனக்கு இது தெரிகிறது. பழைய ஷீட் உடைந்தால்தானே புதிது வாங்க ஆள் வருகிறது!

சென்ற கோடை விடுமுறையில் பக்கத்துக் கிராமத்தில் ஓர் அரசுப் பள்ளியின் பழைய வகுப்பறைகளை இடித்தார்கள். எதிர்வீட்டுக்குச் சிமெண்ட் இறக்கப் போயிருந்தேன். மூட்டைகள் இறங்கும் வரை நின்று பார்த்தேன். ஷீட்டை இரும்புக் குழாயோடு பிடித்திருக்கும் ஜே போல்ட்டுகள் துருப்பிடித்து நட்டோடு ஒட்டிக் கிடந்தன. ஸ்பானர் போட்டால் சுற்றாது. ஒவ்வொன்றாக பிளேடு போட்டு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கு அங்கே யாருக்கும் பொறுமை இல்லை, கூலியும் இல்லை. போல்ட் இருக்கும் இடமாகப் பார்த்துச் சம்மட்டியால் ஒரு போடு. ஷீட் பிளந்து அப்படியே வகுப்பறைக்குள் விழும். விழுந்த வேகத்தில் கதவு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் வெண்சாம்பல் நிறத் தூசு வெளியே வரும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு சித்தாள் அம்மா அதைக் காய்ந்த விளக்குமாற்றால் கூட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஒரு குடம் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. குழாய் பத்தடி தூரத்தில் இருந்தது.

உடைந்ததை டிராக்டரில் அள்ளிக் குளத்தங்கரைப் பாதையில் மழைக்குப் பள்ளமான இடங்களில் கொட்டி, மேலே மண்ணைப் போட்டுச் சமன் செய்தார்கள். மறுவாரம் அந்த வழியாகப் போனேன். மண் விலகித் துண்டுகள் மேலே வந்திருந்தன. பிள்ளைகள் சில்லுக்கோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் குந்தி உட்கார்ந்து ஷீட் துண்டு ஒன்றின் ஓரத்தைச் சிமெண்ட் திண்ணையில் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்கிக்கொண்டிருந்தான். தேய்த்ததும் விழும் பொடியை வாயால் ஊதினான். அதைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டுச் சில்லு ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். அவன் என்னை முறைத்தான். ஓட்டுச் சில்லு துள்ளிக் கோட்டைத் தாண்டிவிடுமாம். ஷீட் சில்லுதான் சொன்ன இடத்தில் நிற்குமாம்.

அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் விற்கும் சாதாரண நெளி ஷீட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் நார். மீதி சிமெண்ட், சாம்பல், கொஞ்சம் காகிதக் கூழ். ஷீட் முழுதாக, கெட்டியாக இருக்கும்வரை நார் சிமெண்டுக்குள் பிடிபட்டுக் கிடக்கும். அறுத்தால், துளை போட்டால், உடைத்தால் வெளியே வரும். உடைந்த ஷீட்டின் ஓரத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள்; மெல்லிய பூனைமுடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அது கண்ணுக்குத் தெரியும் நார்க்கற்றை. நுரையீரலுக்குள் போவது கண்ணுக்குத் தெரியாதது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் உட்பட இதன் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. நுரையீரல் இறுகிப்போவது, நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் எல்லாம் இதில் அடக்கம்.

இதற்காக ஷீட் வீட்டில் குடியிருப்பவர்கள் இன்றிரவே பாயைச் சுருட்டிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. நல்ல நிலையில் தலைக்கு மேலே சும்மா கிடக்கும் ஷீட்டைவிட, அவசரப்பட்டுப் பிடுங்கி உடைக்கும் ஷீட்தான் ஆபத்து. இதை எழுதக் காரணம், யாராவது ஒரு புண்ணியவான் பாதி படித்துவிட்டு, கூரையைப் பிரிக்க நாளைக்கே ஆள் கூட்டிவரக் கூடாது.

எங்கள் பக்கம் தென்னை. ஷீட் விற்பனையில் பெரும் பங்கு தேங்காயால் நடக்கிறது. மட்டை விழும், காய் விழும், குரங்கு குதிக்கும்; ஷீட்டில் ஓட்டை. ஓட்டைக்குத் தார் பூசிப் பார்ப்பார்கள், பிளாஸ்டிக் சாக்கைச் செருகிப் பார்ப்பார்கள். மழைக்காலம் நெருங்கும்போது கடைக்கு வருவார்கள். பத்தடி ஷீட் ஒன்று நாற்பது கிலோவுக்குக் குறையாது. புதிது ஏறினால் பழையது இறங்கியாக வேண்டும். இறங்கியது குளியலறைக்கு மறைப்பாகும், கோழிக்கூண்டுக்கு மூடியாகும், கன்றுக்குட்டிக் கொட்டகைக்குக் கூரையாகும். அதிலும் உடைந்தது வாசலில் சேறு மிதிக்காமல் இருக்கப் படிக்கல் ஆகும். எந்தப் பொருளையும் வீணாக்காத ஜனங்கள் நாம். இந்த ஒரு பொருளில் அந்த நல்ல குணமே வினையாகிறது.

இத்தனை கூரை எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் அரசுக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். பள்ளிகளில் கீற்றுக் கொட்டகை இனி இருக்கக் கூடாது என்று அரசு உத்தரவிட்டது. அப்பா உயிரோடு இருந்த காலம். எங்கள் கடையில் அதுவரை அப்படி ஓர் அவசரத்தை நாங்கள் பார்த்ததில்லை. பள்ளித் தாளாளர்கள், பெற்றோர் சங்கத்தார், ஊராட்சிக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். கேட்டது ஒன்றுதான்: தீப்பிடிக்கக் கூடாது, பள்ளி திறப்பதற்குள் வேண்டும், விலை கட்டுப்படியாக வேண்டும். மூன்றுக்கும் பொருந்தியது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பணம் பிறகு தாருங்கள், முதலில் கூரையை மாற்றுங்கள் என்று அப்பா கடனுக்குக் கொடுத்தார். அது சரியான முடிவு. இன்றைக்குக் கேட்டாலும் கீற்றைப் பிரித்தது சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு ஏற்றிய கூரைகளுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. மேல்பக்கம் பாசி பிடித்து, கருத்து, பொரிந்து, தொட்டால் மாவாக உதிர்கிற நிலைக்கு வந்திருக்கின்றன. கீற்றைப் பிரிக்க உத்தரவு போட்ட அரசு, ஷீட்டை இறக்குவதற்கும் ஓர் உத்தரவு போட வேண்டாமா?

இடையில் கஜா புயல் வந்தது. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, வேதாரண்யம் என்று எங்கள் பக்கம் முழுக்க நிற்கும் தென்னையை எண்ணுவது சுலபம் என்றாகிவிட்டது. ஷீட் கூரைகள் காற்றில் பறந்து அடுத்த தெருவில் கிடந்தன. மரம் விழுந்த கூரைகள் பொடிப்பொடி. வெறும் கையால் குழந்தைகளும் சேர்ந்து அள்ளினார்கள். அந்த நேரத்தில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. குடிக்கத் தண்ணீரும் தலைக்கு மேல் தார்ப்பாயும் தேடிய நாட்கள். ஆனால் ஆண்டு முழுதும் அமைதியாக இருக்கும்போது தயாரித்து வைக்க வேண்டிய பேரிடர்த் திட்டத்தில், உடைந்த ஆஸ்பெஸ்டாஸைத் தனியாகச் சேர்ப்பது என்று ஒரு பத்தி இருந்திருந்தால், அதில் பாதியாவது சாலையோரங்களில் புதையாமல் இருந்திருக்கும். வங்கக் கடலில் புயல் இனி வராது என்று யாரும் சொல்லிவிடவில்லையே.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். பார்த்தவரை இது ஒரு விசித்திரமான நிலவரம். இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் வெட்டியெடுக்க 1986 முதல் புதிய சுரங்கக் குத்தகை கிடையாது. 1993-ல் பழைய குத்தகைகளைப் புதுப்பிப்பதையும் நிறுத்தினார்கள். காரணம் தொழிலாளர் உடல்நலம். ஆனால் அதே நார் ருஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் கப்பலில் வரலாம், ஆலையில் ஷீட் ஆகலாம், என் கடைக்கு வரலாம், ரசீது போட்டு நான் விற்கலாம். 1995-ல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் ஆலைத் தொழிலாளர் வழக்கில் உடல்நலம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்து, தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டை வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகளோ, ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகளோ, எது பின்னால் வருகிறதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. அது ஆலைக்குள் இருப்பவருக்கு. ஆலைக்கு வெளியே சம்மட்டியோடு கூரைமேல் நிற்பவருக்குப் பதிவேடு யார் வைத்திருக்கிறார்கள்?

2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலில், தூக்கியெறியப்பட்ட ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் பொருள் தயாரிக்கும் தொழில் என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. குளத்தங்கரையில் கொட்டிய டிராக்டர்க்காரருக்கும் அந்தத் தலைப்புக்கும் சம்பந்தம் உண்டா என்று ஒரு பொறியாளரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். இதைவிடப் பழைய சங்கதி ஒன்றும் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கழிவை எப்படி அப்புறப்படுத்துவது என்பதற்கு ஐ.எஸ். 11768 என்று 1986-லேயே இந்தியத் தரநிலை இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் பொருட்களைப் பாதுகாப்பாகக் கையாள ஐ.எஸ். 11769 என்று அடுத்த ஆண்டே இன்னொன்று. எழுதி வைத்துக் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள். இரண்டும் பரிந்துரைகள். பரிந்துரையை யாரும் ஒப்பந்தத்தில் சேர்க்காவிட்டால் அது அலமாரியில்தான் இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏன் உடைக்கிறார்கள்? கெட்ட எண்ணத்தால் இல்லை. கணக்கு அப்படி இருக்கிறது. பழைய அரசுக் கட்டிடத்தை இடிப்பதற்குப் பெரும்பாலும் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுப்பவர் அரசுக்குப் பணம் கட்டி, கிடைக்கும் இரும்பு, கதவு, ஜன்னல், மரச்சட்டம், செங்கல் ஆகியவற்றை எடுத்து விற்றுக்கொள்வார். அவருக்கு இரும்புக் குழாய் காசு. அந்தக் குழாயை மூடிக்கொண்டு மேலே கிடக்கும் ஷீட் இடைஞ்சல். போல்ட்டை அறுத்து, இரண்டு ஆள் பிடித்து, கயிறு கட்டி முழுதாக இறக்கினால் ஒரு நாள் கூலி கூடுதல். இறக்கிய ஷீட்டுக்கு விலை அற்பம். சம்மட்டி ஒன்றுதான் லாபம். நான் அவர் இடத்தில் இருந்தாலும் கணக்கு இதே கணக்குதான். ஏல நிபந்தனையில் எந்தத் தேதிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும், முன்வைப்புத் தொகை எவ்வளவு, சுற்றுச்சுவருக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்றெல்லாம் எழுதுகிறார்கள். கூரையைப் பற்றி எழுதுவதில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய சட்டம் இல்லை. ஏலத்திலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரித்துவிடுங்கள். இடிப்பு ஏலம் தொடங்குவதற்கு முன்பே, கூரை இறக்குவது தனி வேலையாக, அரசு காசு கொடுத்துச் செய்யும் வேலையாக இருக்கட்டும். முழுதாகக் கீழே இறங்கும் ஒவ்வொரு ஷீட்டுக்கும் இவ்வளவு என்று கூலி வையுங்கள். உடைந்து இறங்கினால் கூலி இல்லை. அந்த ஒரு வரி போதும், சம்மட்டியை எடுத்தவர் கீழே வைத்துவிடுவார். பள்ளி விடுமுறையில் மட்டும் வேலை, பக்கத்தில் குழந்தைகள் இல்லாதபோது. ஷீட்டை முதலில் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும், பீய்ச்சியடிக்கக் கூடாது. மின் அறுப்பு மிஷின் கூரைப்பக்கமே வரக் கூடாது. வேலையாட்களுக்கு நுண்தூசு தடுக்கும் முகக்கவசம். துணித்துண்டு இதற்கு ஆகாது. இறக்கியதைத் தடித்த பாலிதீன் தாளில் சுற்றி, என்ன பொருள் என்று எழுதி ஒட்ட வேண்டும். வேலை முடிந்ததும் இடத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இவ்வளவுக்கும் ஆகும் பொருள் எல்லாம் என் கடையில் இருப்பவைதான், எதுவும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை.

சுற்றிய பிறகு எங்கே கொண்டுபோவது என்பதுதான் நிஜமான சிக்கல். அபாயகரக் கழிவைப் புதைக்கும் முறையான இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. தஞ்சாவூர் மாவட்டத்தின் தென்கோடியிலிருந்து திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடிக்கு நாலு ஷீட்டை யார் லாரியில் ஏற்றுவார்கள்? வாடகையைக் கேட்டதும் குளத்தங்கரைதான் ஞாபகம் வரும். மாவட்டத்துக்கு ஒரு சேகரிப்பு இடம் வேண்டும். வேலி போட்ட, கூரை உள்ள, பூட்டி வைக்கும் ஒரு கிடங்கு. அங்கே சேர்ந்ததை ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்பலாம். அரசுக் கட்டிடங்களின் ஷீட்டை மட்டும் முதலில் வாங்கட்டும். பிறகு வீட்டுக்காரர்களிடமிருந்தும் இலவசமாக வாங்கட்டும். கொண்டுவந்து கொடுப்பவரிடம் கட்டணம் கேட்டீர்களோ, போச்சு. மறுநாளே அது ஆற்றங்கரையில் கிடக்கும். இன்னொன்று: இறக்கிய ஷீட் மறுபடி எந்தக் கூரையிலும் ஏறக் கூடாது. பள்ளியிலிருந்து இறங்கி மாட்டுக் கொட்டகைக்குப் போனால், உடைப்பதை இன்னொருவரிடம் ஒப்படைத்ததாகத்தான் ஆகும்.

இதெல்லாம் பணக்கார நாட்டுக்காரன் செய்வது என்பார்கள். தென் கொரியாவில் படிக்கும் என் தங்கை மகன் ஒரு செய்தி சொன்னான். கேட்டதும் கும்பகோணம்தான் என் நினைவுக்கு வந்தது. 1970-களில் அங்கே கிராம முன்னேற்ற இயக்கம் என்று அரசே முன்னின்று நடத்தியது. வைக்கோல் கூரைகளைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டார்கள். அது முன்னேற்றத்தின் அடையாளமாக இருந்தது. அந்த நாடு 2009-ல் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது. தடை செய்ததோடு விடவில்லை. அந்தப் பழைய கிராமத்துக் கூரைகளை முறைப்படி இறக்க 2011 முதல் அரசே மானியம் கொடுக்கிறது. அதே ஆண்டு, ஆலையில் வேலை செய்யாமலேயே இந்த நாரால் நோயுற்றவர்களுக்கும் நிவாரணம் தரும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாங்கள்தானே போடச் சொன்னோம், இறக்குவதும் எங்கள் பொறுப்பு என்று ஓர் அரசு சொல்ல முடியும் என்பதற்கு இது சாட்சி. போலந்து நாட்டில் 2032-க்குள் எல்லாவற்றையும் அகற்றுவது என்று திட்டம் போட்டு, உள்ளாட்சி வாரியாக எந்தக் கட்டிடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

பிரிட்டனில் 1999-லேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் பழைய பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் இன்னும் நிறைய இருக்கிறது. அங்கே சட்டப்படி, வீடல்லாத எந்தக் கட்டிடத்துக்கும் பொறுப்பாளர் ஒருவர் உண்டு. தன் கட்டிடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் எங்கே இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்று அவர் எழுதி வைத்திருக்க வேண்டும். மின்விசிறி மாட்ட வருகிறவரோ, குழாய் பதிக்க வருகிறவரோ, துளை போடுவதற்கு முன் அந்தப் பதிவேட்டை அவரிடம் காட்ட வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகம். நம் தலைமையாசிரியர்கள் பராமரிக்காத பதிவேடா? முட்டைக்கு ஒன்று, சீருடைக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று என்று மேசை நிறைய வைத்திருக்கிறார்கள். இன்னொன்றை அவர்கள் தலையில் கட்டாமல், ஒன்றியப் பொறியாளர் அலுவலகமே இதை எழுதட்டும். பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, சத்துணவுக்கூடம், நெல் கொள்முதல் கொட்டகை, பேருந்து நிழற்குடை எல்லாம் அதில் வர வேண்டும்.

ஷீட் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் மாதம் ஒருமுறை கடைக்கு வருவார். நல்ல மனிதர், டீ குடித்துவிட்டுப் போவார். அவரிடம் இதையெல்லாம் பேசினால் இரண்டு பதில் சொல்வார். ஒன்று, நார் சிமெண்டுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. புது ஷீட்டைப் பற்றி இதைச் சொன்னால் ஓரளவுக்கு ஒப்புக்கொள்வேன். சம்மட்டி பூட்டைத் திறந்துவிடுகிறதே என்றால் பேச்சை மாற்றுவார். இரண்டாவது பதில், ஏழைக்கு இதைவிட மலிவான கூரை ஏது? இதற்கு நானும் சட்டென்று பதில் சொல்ல முடியாது. வண்ணத் தகரம் வெயிலில் கொதிக்கிறது, மழையில் காது கிழிகிறது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாமல் வேறு நார் கலந்து செய்யும் சிமெண்ட் ஷீட்டும் வருகிறது; விலை அதிகம், எங்கள் ஊர்க் கடைகளுக்கு அரிதாகத்தான் வருகிறது. அரசு தன் கட்டிடங்களுக்கு அதை மட்டும்தான் வாங்குவேன் என்று சொன்னால் விலை தானாக இறங்கும். கேரளத்தில் 2009-லேயே மாநில மனித உரிமை ஆணையம் பள்ளிகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளைப் படிப்படியாக மாற்ற உத்தரவிட்டது. இங்கே கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் கொடுத்துக் கான்கிரீட் கூரை போடச் சொல்கிறார்கள். வரவேற்கிறேன், அதனால் என் ஷீட் வியாபாரம் குறைந்தாலும் கம்பி வியாபாரம் கூடும். குடிசையோடு சேர்த்துப் பிரிக்கும் பழைய ஷீட் என்ன ஆகிறது என்பதையும் பயனாளி கையேட்டில் ஒரு வரியாகப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நாடு முழுதும் தடை வருமா, வராதா என்பது டெல்லியில் முடிவாகும் சமாசாரம். அதற்குள் வெளிநாட்டு வியாபாரமும் இருக்கிறது. இலங்கை 2018 முதல் ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதியை நிறுத்த முடிவு செய்திருந்தது. 2017 டிசம்பரில் தேயிலையோடு வந்த சரக்கில் வண்டு இருந்தது என்று ஆஸ்பெஸ்டாஸ் விற்கும் ருஷ்யா, இலங்கைத் தேயிலையை வாங்குவதை நிறுத்தியது. தடை அப்படியே தள்ளிப்போனது. வண்டுக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும். அந்தச் சண்டை முடியும்வரை நம் ஒன்றிய அலுவலகம் காத்திருக்கத் தேவையில்லை. இறக்கும் வேலைக்கு விதி எழுத டெல்லியோ மாஸ்கோவோ அனுமதி தர வேண்டியதில்லை.

கடைசியாக, வேலையாட்கள். எங்கள் கடைக்குப் பல ஆண்டுகளாக ஷீட் போட்டுத் தரும் ஒருவர் இருக்கிறார். அளவு பார்த்து மூலை வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. இப்போது ஏணியில் பாதி ஏறியதும் நின்று மூச்சு வாங்குகிறார். பீடியும் பிடிப்பார். எது எதனால் என்று நான் சொல்ல முடியாது, சொல்லக் கூடாது. இந்த நோய் தெரிய இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகும். அதற்குள் எந்த மருத்துவரும் எந்தக் கூரையோடும் முடிச்சுப்போட முடியாது. அரசு மருத்துவமனையில் அவருக்கு இருமல் மருந்து கொடுத்தார்களாம். என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டார்களா என்றேன். கேட்கவில்லையாம். அவரிடம் கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறது. அந்த அட்டையில் தொழில் என்ன என்று போட்டிருக்கிறது. கூரைத் தொழில் செய்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் சோதனையும் வாரியமே எடுத்து, அதைப் பதிந்து வைத்தால், 1995-ல் நீதிமன்றம் ஆலைத் தொழிலாளிக்குக் கொடுத்ததில் கால்வாசியாவது இவர்களுக்கும் கிடைக்கும். ஆலையிலிருந்து வந்த ஷீட்டைத்தானே இவர்களும் அறுத்தார்கள்?

எங்கள் கடையில் ஷீட்டை மிஷினால் அறுத்துத் தருவதில்லை. கைரம்பமும் ஒரு வாளித் தண்ணீரும்தான். நேரமாகிறது என்று கோபித்துக்கொண்டு சிலர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள், அங்கே வாசலிலேயே மிஷின் ஓடுகிறது, எதிரே டீக்கடை. ஒருவர் மட்டும் ஒழுங்காக இருந்தால் ஒழுங்கானவருக்கு நஷ்டம், இதுவும் வியாபாரத்தில் கண்டது. எல்லோருக்கும் பொதுவாக விதி இருந்தால் நான் அந்த வாடிக்கையாளரை இழக்க மாட்டேன், டீக்கடைக்காரரும் அந்தத் தூசை விழுங்க மாட்டார்.

வரும் ஏப்ரல் கடைசியில் பள்ளிகள் மூடும். இடிப்பு ஏல அறிவிப்புகள் அதற்கு முன்பே, பிப்ரவரி, மார்ச்சில் வந்துவிடும். மாவட்ட ஆட்சியர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்: ஆஸ்பெஸ்டாஸ் கூரை உள்ள கட்டிடம் எதையும், கூரை தனியாக இறக்கப்பட்டது என்று பொறியாளர் கையெழுத்துப் போட்ட சான்று இல்லாமல் ஏலம் விடக் கூடாது. எங்கள் ஒன்றியத்தில் இதைச் சோதனையாகச் செய்து பார்ப்பதானால், சுற்றுவதற்கான பாலிதீன் தாளைக் கொள்முதல் விலைக்கே கொடுக்கத் தயாராக இருக்கிறேன். குளத்தங்கரையில் புதைத்ததை முதலில் தோண்டி எடுக்க வேண்டும். இடம் எங்கே என்று காட்ட நான் வருகிறேன்.

இப்படிக்கு,
கட்டுமானப் பொருள் வியாபாரி ஒருவர்,
பட்டுக்கோட்டை